ஒதுக்கப்படாத இடம்

சி.பி.யூவின் பக்கத் தகட்டில் மொத்தம் இரண்டே ஸ்க்ரூ. முதலாவது தொட்டவுடன் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவது அசைந்துகொடுக்கவில்லை. சவரிமுத்து தரையில் சம்மணமிட்டு, பெட்டியைத் தொடைமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகினார். கை வழுக்கியது. ஐம்பத்தேழு வயதில் கண் போகிற இடத்துக்குக் கை போவதில்லை. பேசாமல் எழுந்துவிடலாமா, ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டது, கடையில்தான் கொடுக்க வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதும் அந்த நினைப்பு மனசுக்கு அத்தனை இதமாக இருந்தது. அதில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துகொள்ளலாம் என்று அவர் நினைத்தபோது ஸ்க்ரூ சட்டென்று கழன்றது. ஏன் கழன்றது என்று அதன்மேல் கோபம் வந்தது. "ஏங்க, ஆச்சா?" என்று சமையலறையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல். "இப்பத்தானே திறந்திருக்கேன்." "அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவோம்னு லூர்து சொல்லிருக்கான். புள்ள வரும்போது அது ஓடணுங்க. நாலு மாசம் கழிச்சு வீட்டுக்குள்ள கால் வைக்கிறவன் செத்துக் கெடக்கற பெட்டியப் பாக்கணுமா?" மணி இரண்டேகால். மச்சினன் லூர்து வக்கீலோடு காலையிலேயே மதுரைக்குப் போயிருந்தான், ஜாமீன் உத்தரவைக் கொடுத்துப் பிரிட்டோவை வெளியே கூட்டி வர. அவரும் போயிருக்க வேண்டும். பெற்ற அப்பன் அவர்தான். முட்டி வலி என்று சொன்னார். முட்டி வலிக்கத்தான் செய்கிறது, பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஜெயில் கதவு திறந்து பையன் வெளியே வருகிற அந்த நிமிஷத்தில் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் வலி.

தகட்டைப் பின்னால் இழுத்துக் கழற்றினார். தூசு பறந்து தும்மல் வந்தது. உள்ளே விசிறியின் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் அழுக்கு படிந்திருந்தது. கீழ்ப்பக்கம் டிஸ்க் உட்காரும் இரும்புக் கூடு காலியாக இருந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கேபிள்கள் எதிலும் சேராமல் தொங்கின. ஒன்று கரண்டுக்கு, ஒன்று தகவலுக்கு. நாலு மாசமாக அப்படியே தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழற்றியதும் இதே கைதான். மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி. சைபர் கிரைமிலிருந்து வந்தவர்களில் ஒருவன் சின்னப் பையன், ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவர மறந்துவிட்டிருந்தான். "சார், வீட்ல இருக்குமா?" என்று கேட்டான். சவரிமுத்து எடுத்துக் கொடுத்தார். அவன் திணறுவதைப் பார்த்து, "குடுங்க தம்பி" என்று வாங்கித் தானே கழற்றியும் கொடுத்தார். ஏன் கொடுத்தோம் என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் கை தானாகப் போகும், அந்தப் பழக்கம்தானோ என்னவோ. கழற்றிய டிஸ்கைப் பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்தார்கள். பறிமுதல் மகஜரில் கையெழுத்து வாங்கினார்கள். பிரிட்டோ கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் எஸ்.ஐ., முப்பது வயதுகூட இருக்காது, மரியாதையாகத்தான் கேட்டாள்: "சார், நீங்களும் இந்த சிஸ்டத்துல உக்காருவீங்களா? இந்த மாதிரிப் படம் ஏதாவது எப்பவாவது கண்ணுல பட்டுச்சா?" அவர் சொன்னார்: "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா." இருபத்தெட்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவர், கடைசிப் பத்து வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையிலேயே எடுக்கிறவர், எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா என்றார். அவளும் எழுதிக்கொண்டாள். ஒரு பொய்யை மேலும் கீழும் பார்க்காமல் யாராவது எழுதிக்கொண்டால் அது எவ்வளவு சீக்கிரம் உண்மையாகிவிடுகிறது. வீட்டில் ஸ்டெல்லாவிடம், பங்குச்சாமியாரிடம், வக்கீலிடம், எல்லோரிடமும் அதற்குப் பிறகு அதே மூன்று வார்த்தைதான்.

புது டிஸ்கை, அந்த எஸ்.எஸ்.டியை, அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சீட்டுக்கட்டைவிடச் சின்னது. கையில் எடை தெரியவில்லை. பழைய டிஸ்க் இரும்புக்கட்டி மாதிரி இருக்கும், ஓடும்போது உள்ளே தட்டு சுற்றுகிற சத்தம் கேட்கும், ராத்திரி பிரிட்டோ எத்தனை மணிவரை விழித்திருக்கிறான் என்பது அந்த முனகலில் அடுத்த அறையில் படுத்திருக்கிற அவருக்குத் தெரிந்துவிடும். இதில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லையாம். சத்தமே வராதாம். ஆஸ்பத்திரியில் டேட்டா என்ட்ரி பார்க்கிற ஃபாத்திமாதான் சொன்னாள். "சத்தமும் வராது, சூடும் ஆகாது சார். பொத்தான அமுக்கிட்டுக் கண்ணத் தொறந்தா ரெடியா நிக்கும்." விண்டோஸைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்ததும் அவள்தான். யாருக்கு, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த விஷயம் தெரியாதவர்கள் கிடையாது. கேட்காமல் கொடுத்தாளே, அது இரக்கமா, அருவருப்பா என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறார். போகட்டும். தொடுவதற்கு முன்னால் இரும்பைத் தொட்டுக்கொள்ளச் சொன்னாள், உடம்பில் இருக்கிற மின்சாரம் அதைக் கொன்றுவிடுமாம். பெட்டியின் ஓரத்தைத் தொட்டார். குளிர்ச்சியாக இருந்தது. உடம்பில் இருக்கிறது எல்லாமே இப்படித் தொட்டதும் இறங்கிப் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். பழைய டிஸ்கில் என்னென்ன இருந்தன? பிரிட்டோவின் புதுநன்மைப் படம், வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாக. வேளாங்கண்ணியில் மூன்று பேரும் கடலில் நின்றது. அவருடைய சம்பளச் சீட்டுகள் பதினாறு வருஷத்துக்கு. ஸ்டெல்லா ஒப்பித்துப் பதிவுசெய்த ஜெபமாலை. எல்லாம் இப்போது ஒரே உறையில், ஒரே அரக்குக்குள், அதனோடு சேர்ந்து கிடக்கின்றன. நீதிமன்றத்தில் உறையைப் பிரித்தால் புதுநன்மைப் படமும் வெளியே வருமா? யாராவது ஒரு குமாஸ்தா அதைத் திரையில் பார்த்துவிட்டு, இவன்தான் அந்தப் பையனா, சின்ன வயதில் எவ்வளவு லட்சணமாக இருந்திருக்கிறான் என்பானா?

கூடு பெரிது, இது சின்னது. இரண்டு பக்கமும் பிடிக்காது. ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி வைத்து இரண்டு ஸ்க்ரூ முடுக்கினால் போதும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் சொன்னார். ஒன்றை முடுக்கினார். ஸ்டெல்லா வறுக்கிற மசாலா வாடை அறைக்குள் வந்தது. ஆட்டுக்கறி, சீரகச் சம்பா, பையனுக்குப் பிடித்தது எல்லாம். வழக்கமாக இந்த வாடை போனால் பக்கத்து வீட்டிலிருந்து சங்கவி மதில்மேல் தலையை நீட்டி, "ஆண்ட்டி, எனக்கும் ஒரு கிண்ணம்" என்பாள். தங்கவேலுவின் மகள். தங்கவேலு டெப்போவில் மெக்கானிக். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில், பன்னிரண்டு வருஷம். இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை. ஏப்ரலிலேயே காலி செய்துகொண்டு, எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். எங்கே போனால் என்ன, போனில் அந்தப் படங்கள் போய்ச் சேராத ஊர் எது. அவளைக் கூப்பிட்டதே அவர்தான். அதை நினைக்காமல் இந்தப் பெட்டியை ஒரு இஞ்ச்கூட நகர்த்த முடியாது போலிருக்கிறது. போன வருஷம் டிசம்பரில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஹால் டிக்கெட்டுக்கு போட்டோ பிரிண்ட் போட வேண்டும், கடையில் ஒரே கூட்டம் என்று அவள் சொன்னபோது, "கடைக்கு எதுக்கும்மா? உள்ள வா, தம்பி எடுத்துத் தருவான்" என்றார். வந்தாள். போனைப் பிரிட்டோவிடம் கொடுத்தாள். கேபிள் போட்டு, போட்டோவை எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். அவள் தேங்க்ஸ் அண்ணா என்றாள். அண்ணா என்றுதான் சொன்னாள். அவர் அப்போது ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு போட்டோவை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், அவன் எவ்வளவு நேரம் எடுத்தான் என்று கவனித்திருக்க வேண்டாமா? எதற்குக் கவனிக்க வேண்டும்? பெற்ற மகனை யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

இரண்டாவது ஸ்க்ரூ விரலிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம், பிறகு சத்தமில்லை. அவ்வளவுதான், போர்டுக்குமேல் இரும்பு கிடந்தால், கரண்டைப் போட்டதும் எல்லாம் பொசுங்கிவிடும். பொசுங்கட்டுமே. இல்லை, தேடு. போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வயர்களுக்கு நடுவில், வெள்ளிப் புள்ளிகளுக்கு நடுவில், ஒரு வெள்ளிப் புள்ளியைத் தேடுவது. இது அவருக்குப் பழக்கமான வேலை. நாணயத்தை விழுங்கிய குழந்தைகள், தொண்டையில் மீன்முள் சிக்கியவர்கள், மூச்சு வாங்குகிறது என்று வந்து நிற்கிற பீடிக்காரர்கள். படம் திரையில் விரிகிற அந்த நொடியில், டாக்டர் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, அவருக்குத் தெரிந்துவிடும். நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. வெளியே வந்தால் பெஞ்சில் அந்த ஆளின் மனைவி எழுந்து நிற்பாள். "அய்யா, எதும் இருக்கா?" "டாக்டர் சொல்வாரும்மா." டெக்னீஷியன் சொல்லக் கூடாது, அதுதான் விதி. நல்ல விதிதான், வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முகத்தையும் பழக்கி வைத்திருந்தார். பார்க்கிறது ஒரு வேலை, சொல்கிறது வேறொருவர் வேலை என்று ஆகிவிட்டால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். ஸ்க்ரூ விசிறிக்கு அடியில் கிடந்தது. இடுக்கியால் எடுத்தார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி, நல்ல வேளை, தரையில்தான் விழுந்தது.

கேபிள்களைச் செருகினார். ஆங்கில எல் எழுத்து மாதிரி வாய், ஒரு பக்கமாகத்தான் போகும். க்ளிக் என்று உட்கார்ந்தது. தகட்டை மூடாமல், முதலில் ஓடுகிறதா பார்ப்போம் என்று எழுந்து பெட்டியை மேஜைமேல் வைத்து, மானிட்டர், கீபோர்டு எல்லாம் மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வரி, ஏற்றுவதற்கு எதுவும் இல்லையாம். சரிதான். உள்ளே போய்ப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஆன் செய்ததும் டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஃபாத்திமா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். மறுபடி அணைத்து, ஆன் செய்து, வலது கை ஆள்காட்டி விரலை டெலிட்மேல் வைத்தார். வைத்தவர் தட்டவில்லை. விரல் அங்கேயே நின்றது. இதே நாற்காலி, இதே விரல், இதே பட்டன். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காலை. ஸ்டெல்லா பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரிட்டோ குளிக்கப் போயிருந்தான், பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சம்பளச் சீட்டு ஒன்றை எடுக்கலாம் என்று உட்கார்ந்தார். திரையின் கீழே ஒரு ஜன்னல் சுருக்கி வைக்கப்பட்டிருந்தது, என்னவோ என்று தட்டினார். சங்கவி. முகம் சங்கவி. ஹால் டிக்கெட் போட்டோவில் இருந்த அதே முகம், அதே பொட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற அதே உதடு. கழுத்துக்குக் கீழே அவள் இல்லை. வேறு யாரோ. அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. முகத்துக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது, தோளுக்கு வலப்பக்கமிருந்து. கழுத்தெலும்பு இருக்க வேண்டிய இடத்துக்கு அரை விரல் தள்ளி இருக்கிறது. இப்படி ஒரு உடம்பு உலகத்தில் இருக்க முடியாது. அடுத்தது, அதற்கு அடுத்தது, மொத்தம் பதினொன்று. பார்த்தோமே, பதினொன்றையும் எதற்குப் பார்த்தோம்? ஒன்றிலேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? எண்ணிக்கை தெரிந்துகொள்ளத்தான் பார்த்தோம் என்று அன்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மொத்தத்தையும் அழித்துவிடலாம் என்று விரல் டெலிட்டுக்குப் போனது. அழுத்தினால் போதும். அழுத்தினால் பிரிட்டோ வந்து பார்ப்பான், படங்கள் இருக்காது, அப்பா பார்த்துவிட்டார் என்று தெரிந்துவிடும். பிறகு சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே எப்படி உட்காருவது? யார் முதலில் பேசுவது? பாத்ரூமில் தண்ணீர் நின்றது. விரலை எடுத்துக்கொண்டார். ஜன்னலை மூடினார். எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். சாமியார் கையால் நன்மையும் வாங்கினார்.

இப்போது டெலிட்டைத் தட்டினார், வேண்டிய அளவுக்கு மேலேயே தட்டினார். நீலத் திரை வந்தது. புது டிஸ்கின் பெயர் வரிசையில் தெரிந்தது, பிடித்துக்கொண்டது. பென் டிரைவை முதலாவதாக மாற்றி வைத்தார். நாற்பத்தொரு நாள். அந்த ஞாயிறுக்கும் மார்ச் ஒன்றாம் தேதிக்கும் நடுவே நாற்பத்தொரு நாள் இருந்தது. சாம்பல் புதன் நெருங்கும்வரை கொடுத்து வைத்திருந்த மாதிரி. தினம் சாப்பிட்டார்கள், தினம் பிரிட்டோ, "அப்பா, தயிர எடுங்க" என்றான், அவர் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்து அறையில் டிஸ்க் முனகிற்று. நாளைக்குக் கேட்கலாம். வயசுப் பையன், வேலை இல்லை, புத்தி கெட்டுக் கிடக்கிறான், தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறகு அழித்துவிடுவான். அவமானப்படுத்தினால் ஏதாவது செய்துகொள்வான். இப்படி நாற்பத்தொரு காரணம், நாளுக்கு ஒன்று. மார்ச் ஒன்றாம் தேதி பிரிட்டோ அந்தப் படங்களை ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவளோடு சண்டையாம், இவன் அனுப்பிய எதற்கோ அவள் பதில் போடவில்லையாம். குழுவிலிருந்து காலேஜுக்கு, காலேஜிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து தங்கவேலுவின் டெப்போவுக்கு. அரை நாள் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் சவரிமுத்துவுக்கு டியூட்டி. ஐ.சி.யூவில் ஒரு பெண், சாகப் பார்த்தவள், நெஞ்சுப் படம் வேண்டும், எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வாங்க என்று கூப்பிட்டார்கள். பெட்டில் சங்கவி, வாயில் குழாயோடு. அவள் முதுகுக்கு அடியில் தட்டை வைக்கத் தூக்க வேண்டும். நர்ஸ் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அந்த எடை இன்னும் முன்னங்கையில் இருக்கிறது. ஒன்றுமே இல்லாத எடை. கழுத்தெலும்பு இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. வெளியே தங்கவேலு நின்றிருந்தார், கையெல்லாம் கிரீஸ், டெப்போ சட்டையோடேயே. இன்னும் அவருக்கு யார் செய்தது என்று தெரியாது. ஓடி வந்து சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க இருக்கீங்களா, அப்பாடா! நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல அண்ணே? படத்துல என்ன தெரியுது?" கிரீஸ் அவர் கையிலும் ஒட்டிற்று. சவரிமுத்து சொன்னார்: "டாக்டர் சொல்வாரு, தங்கவேலு."

அவள் பிழைத்தாள். ஒன்பது நாள் கழித்துக் கண் திறந்தாள். அதற்குள் போலீஸ் வந்து போய்விட்டது. பிழைத்ததை நினைத்து அவர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏற்றும்போதே, இது அவளுக்காகவா, சாவு விழுந்திருந்தால் பையனுக்கு ஜாமீன் கிடைத்திருக்காதே என்பதற்காகவா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. மெழுகை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். திரையில் விண்டோஸ் கேள்வி கேட்டது. எங்கே நிறுவ வேண்டும்? ஒரே ஒரு வரி: டிரைவ் ஜீரோ, அன்அலகேட்டட் ஸ்பேஸ். யாருக்கும் எதற்கும் இன்னும் ஒதுக்காத இடம். அதன்மேல் யார் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும், முகம் கோணாது. நெக்ஸ்ட் என்பதைத் தட்டினார். சதவீதம் ஓடத் தொடங்கியது. மூன்று. ஏழு. பதினைந்து. பழைய டிஸ்கில் இது ஒரு மணி நேரம் எடுக்கும், இது கண்ணுக்கு முன்னால் தாவித் தாவிப் போனது, இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயேன் என்று சொல்லத் தோன்றியது. வக்கீல் போன வாரம் வந்து ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். "டிஸ்க்ல படம் இருந்துச்சு, சரி. யாரு வச்சா? பூட்டு இல்லாத கம்ப்யூட்டர், வீட்டுக்கு நாலு பேர் வந்து போவாங்க. இவன் உக்காந்து பண்ணுனத எவனாச்சும் பாத்தானா? ஒருத்தனும் பாக்கல. அதுதான் சார் நமக்குப் பலம். நீங்களும் அம்மாவும் அதையே சொன்னா போதும்." ஸ்டெல்லா, "கடவுள் இருக்காரு சார், எம்புள்ள எதும் பண்ணிருக்க மாட்டான், எவனோ உள்ள பூந்து வச்சிருக்கான்" என்று அழுதாள். அவள் நம்புகிறாள். மெய்யாகவே நம்புகிறாள். அவர் தலையாட்டினார். ஐம்பத்திரண்டு. எழுபது. யாரும் பார்க்கவில்லை என்பதன்மேல் ஒரு வீடு கட்டுகிறார்கள், அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்தால் விழும். எழாவிட்டால் பையன் வருவான், இந்த நாற்காலியில் உட்காருவான், சத்தமே போடாத இந்தப் பெட்டிக்கு முன்னால். அடுத்த அறையில் படுத்தால் இனி எதுவும் கேட்காது. அவனுக்காகப் பயம் வருகிறதா, அவனை நினைத்துப் பயம் வருகிறதா, இரண்டும் ஒன்றுதானா. நூறு. தானாக அணைந்து தானாக எழுந்தது. மணி நாலேகால்கூட ஆகவில்லை. திரை நடுவில் ஒரு கட்டம், அதில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. இதை உபயோகிக்கப் போகிறவர் பெயர் என்ன?

ஸ்டெல்லா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அட, வந்துருச்சே. பிரிட்டோன்னு போடுங்க" என்றாள். அவர் விரலை வைக்கவில்லை. "என்னங்க, பேரக் கேக்குதுல்ல?" என்றாள். வாசலில் கார் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். "சேசுவே" என்று அவள் ஓடினாள். அழுகையும், லூர்துவின் குரலும், செருப்பு கழற்றுகிற சத்தமும் கேட்டன. அவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார், முட்டி மறுத்தது. அதற்குள் பிரிட்டோ அறை வாசலுக்கு வந்துவிட்டான். இளைத்திருந்தான். தாடி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரைப் பார்த்தான், பிறகு அவருக்குப் பின்னால் திரையைப் பார்த்தான். முகம் கொஞ்சம் விரிந்தது.

"எஸ்.எஸ்.டி போட்டுட்டீங்களாப்பா?"

"உள்ள வாப்பா. கதவச் சாத்து."

சாத்தினான். கட்டில் ஓரத்தில், போலீஸ் வந்த அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தான். சமையலறையில் ஸ்டெல்லா தன் தம்பி லூர்துவிடம், புள்ள எலும்பும் தோலுமா வந்துருக்கானே என்று புலம்புவது கேட்டது. சவரிமுத்து வாயைத் திறந்தார். ஒரு தடவை செருமினார்.

"பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழம, நீ குளிக்கப் போனப்ப, நான் இதுல உக்காந்தேன். அந்தப் படத்த எல்லாம் பாத்தேன், பிரிட்டோ."

பையன் அதிர்ந்துபோவான், அழுவான், காலில் விழுவான், இல்லையென்றால் கத்துவான் என்று இந்த நாலு மாசத்தில் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருப்பார். பிரிட்டோ ஒன்றும் செய்யவில்லை. கை விரல்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஜன்னலச் சுருக்கி வச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா மூடியிருந்துச்சு. அம்மாவுக்கு மவுச புடிக்கவே தெரியாது." விரல் நகத்தைச் சுரண்டினான். "ரெண்டு நாள் ஒரே பயம். அடிப்பீங்க, வெளிய போடாம்பீங்கன்னு. அழிச்சிரலாம்னுகூட நெனச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லலையேப்பா."

குற்றம்சாட்டுகிற குரலாக இல்லை அது. நடந்ததைச் சொல்கிறவன் குரல். இரண்டு நாள். அவன் பயந்துகொண்டிருந்த இரண்டு நாள். ஒரு வார்த்தை, ஒரு அறை, ஒரு இருமல், ஏதாவது ஒன்று அந்த இரண்டு நாளில் விழுந்திருந்தால் போதும். அவனும் இவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், தயிர்க் கிண்ணத்தை வாங்கும்போது இவர் முகத்தைப் பார்த்திருக்கிறான், பழக்கிவைத்த முகத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் தைரியம் வந்திருக்கிறது. சவரிமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சி.பி.யூவின் பட்டனை அழுத்திப் பிடித்தார். பெயர் கேட்ட திரை அணைந்தது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், பொத்தான் மாறி மாறிப் போயிற்று, திரும்பப் போட்டார்.

ஹாலில் ஸ்டெல்லா இலை போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க? புள்ள இப்பத்தான் வந்து உக்காந்துருக்கான், ஒண்ணாச் சாப்புடலாம்ல?"

"ஸ்டேஷனுக்குப் போறேன்."

"ஸ்டேஷனுக்கா? கையெழுத்து திங்கக்கெழமதான வக்கீல் சொன்னாரு?"

"அவன் கையெழுத்து இல்ல. அந்த எஸ்.ஐ. அம்மாட்ட நான் ஒரு பொய் சொல்லிருந்தேன் ஸ்டெல்லா. அந்தப் படம் வெளிய வர்றதுக்கு நாப்பது நாளுக்கு முன்னாலயே நம்ம கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நான் பாத்தேன். அவன்தான் வச்சிருந்தான்."

அவள் கையில் கரண்டி இருந்தது. புரியாமல் நிற்கிறாளா, புரிந்துதான் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. லூர்து, "மாமா, மாமா, என்ன பேசுறீங்க, கொஞ்சம் உக்காருங்க மாமா" என்று குறுக்கே வந்தான். அவன் கையை விலக்கிவிட்டு, வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். இடது செருப்பு கிடைத்தது. வலது செருப்பு, பையனுடையதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து, "அம்மா" என்று பிரிட்டோ கூப்பிட்டான். ஒரே ஒரு தடவைதான், சின்னப் பிள்ளை தூக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி.

அவருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்காமல் படியிறங்கினார். முட்டி வலித்தது. ஆட்டோ ஸ்டாண்டுவரை நடக்க வேண்டும்.